கொலு சுண்டலோடு வந்த ஐந்து கம்பி பேஸ்

எனக்கு நாற்பத்தொன்று நடக்கும்போது ஒரு ஐந்து கம்பி பேஸ் கிட்டார் தேவைப்பட்டது. இதைப் பள்ளியில் ஆசிரியர்கள் அறையில் சொல்லியிருந்தால், பையனுக்கா என்று கேட்டிருப்பார்கள். எனக்குப் பையனும் இல்லை, பெண்ணும் இல்லை. வார நாட்களில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரு காக்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் போகிறேன். மத்தியானம் அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்குள் நின்றுகொண்டு காது கிழிய ஹெவி மெட்டல் வாசிக்கிறேன். மூன்றும் ஒரே ஆள்தான், சந்தேகம் வேண்டாம்.

பட்டறை எங்கள் டிரம்மருடையது. வாரத்தில் ஆறு நாள் அங்கே இரும்பு கடைவார்கள். ஞாயிற்றுக்கிழமை இயந்திரங்களுக்கு மேல் தார்ப்பாய் போர்த்திவிட்டு நாங்கள் மூன்று பேர் உள்ளே போய் ஷட்டரை இறக்கிக்கொள்வோம். மூன்றாவது ஆள் கிட்டார் வாசித்துக்கொண்டே அடிவயிற்றிலிருந்து கத்துகிறவன். முப்பது வயது, சாஃப்ட்வேர் வேலை. வீட்டில் தமிழ், ஆபீசில் கன்னடமும் ஆங்கிலமும், மேடையில் இன்ன மொழி என்று சொல்ல முடியாத ஒன்று. என்னை அக்கா என்பான். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே என் தலையில் கல்லைப் போடவும் அவனுக்குத் தெரியும்.

அந்தக் கல் இப்படி விழுந்தது. எங்கள் பாட்டுகள் நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. தரத்தைச் சொல்லவில்லை, சுதியைச் சொல்கிறேன். சுதி இறங்க இறங்கத்தான் இந்த இசைக்கு எடை கூடும். ஆனால் சாதாரண பேஸில் நான்கு கம்பிகள்தான். நான் அதிலேயே கம்பியைத் தளர்த்தித் தளர்த்தி வாசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அது கொடிக்கயிறு மாதிரி தொங்கிவிட்டது. இன்னும் கீழே போக வேண்டுமென்றால் ஐந்தாவதாக ஒரு தடித்த கம்பி இருக்கிற பேஸ் வேண்டும்.

"தீபாவளிக்கு முன்னாடி நாலு பாட்டு ரெகார்ட் பண்றோம்க்கா," என்றான் கிட்டார்காரன். "அதுக்குள்ள அஞ்சு கம்பி கெடச்சா சரி. இல்லன்னா பேஸ நான் கம்ப்யூட்டர்லயே போட்டுடறேன். தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வாசிக்கிறீங்களா இல்லையான்னே இப்ப யாருக்கும் தெரியல."

தப்பாகத்தான் நினைத்தேன். கம்ப்யூட்டர் பேஸ் பழகிவிட்டால் அப்புறம் நான் எதற்கு? அதற்குச் சம்பளம் இல்லை, மாதாந்திரத் தேர்வுத் தாள் திருத்தும் வேலை இல்லை, முட்டி வலியும் இல்லை. எங்கள் சர்ச் வாலிபர் குழுவில் என்னோடு கிட்டார் பிடித்த பெண்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஏதோ ஒரு வருடம், ஏதோ ஒரு நல்ல காரணத்துக்காக, அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிப் போனவள்தான். நான் மட்டும் போகாமல் இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்னிடமிருந்து போய்விட்டால் திரும்பி வராது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் பயந்தேன்.

கையில் இருபதாயிரம் இருந்தது. புதிது வாங்க அது போதாது, பழையதைத்தான் தேட வேண்டும். கைபேசியில் பழைய சாமான் விற்கும் இடங்களை எல்லாம் சல்லடை போட்டுச் சலித்தேன். ஒன்றின் கழுத்து பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டிருந்தது. விற்றவர் அதை டிசைன் என்றார். இன்னொன்றைப் பார்க்கப் போனால், சத்தத்தைப் பெருக்கிக் காட்டும் ஆம்ப் இல்லை, சும்மா தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆம்ப் இல்லாமல் பேஸ் வாங்குவது சுவைத்துப் பார்க்காமல் ஊறுகாய் ஜாடியை வாங்குவதுதான். வந்துவிட்டேன்.

என் கணவர் எல்லா இடத்துக்கும் ஸ்கூட்டரில் கூட வந்தார். அவருக்கு இந்த இசை துளியும் பிடிக்காது, அதை மறைத்ததும் இல்லை. சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடமாகக் கீழ்க்குரல் பாடுகிறவர். பின் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நிற்பார். "நீ வாசிக்கிறத சாப்பாட்டுக்கு முன்னாடி கேட்டா பசி போயிடுது, சாப்பிட்டப்புறம் கேட்டா ஜீரணம் ஆவறதில்ல," என்பார். ஆனாலும் ஞாயிறு தவறாமல் என்னைப் பட்டறை வாசல் வரை கொண்டு விடுவார். ஒரு முறைகூட உள்ளே வந்ததில்லை.

தசரா விடுமுறையில் மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு பேஸ் கண்ணில் பட்டது. இருபத்திரண்டாயிரம். படத்தில் அதன் கருஞ்சிவப்பு மரத்தைப் பார்த்ததும் மனசு போய்விட்டது. விற்கிறவர் ஐம்பது வயதுக்காரர், வங்கியில் தணிக்கை வேலை. மூன்று வருடம் முன்னால் ஆசையாக வாங்கினாராம், முதுகு ஒத்துழைக்கவில்லையாம். "சாயந்தரம் ஆத்துக்கு வாங்கோ, ரெண்டு பேருமா வாங்கோ" என்று போனில் சொன்னார். தனியாக வாருங்கள் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

நாங்கள் போனபோது கூடத்தில் ஏழு படி கொலு. மரப்பாச்சிகள், மைசூர் ராஜா ஊர்வலம், ஒரு பிளாஸ்டிக் மெட்ரோ ரயில். எதிரே ஜமக்காளத்தில் பக்கத்து வீட்டு மாமிகள் இரண்டு பேர் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். கொலுப் படிகளுக்குப் பக்கத்திலேயே, இன்னொரு பொம்மை மாதிரி, அந்த பேஸைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பெட்டி அளவுக்கு ஒரு சின்ன ஆம்பும் இருந்தது.

அவர் மனைவி எங்களை வரவேற்ற அன்பில், நாங்கள் சாமான் வாங்க வந்தவர்கள் என்பதே மறந்துவிட்டது. பெயரைக் கேட்டதும் எங்கள் மதம் தெரிந்திருக்கும். அதற்காக எதுவும் குறையவில்லை. காபி வந்தது, கொண்டைக்கடலைச் சுண்டல் வந்தது. நான் பேஸைக் கையில் எடுத்ததும் வீட்டம்மா சொன்னார்:

"கொலுவுக்கு வந்தவா ஒரு பாட்டாவது பாடிட்டுத்தான் போகணும். நீங்க பாட வேண்டாம், வாசிங்கோ. அம்பாளுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

மாமிகள் தலையாட்டினார்கள். ஒருவர், "சும்னே கூச்சப்படாதேங்கோ" என்று கன்னடத்தைக் கலந்து ஊக்கம் கொடுத்தார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நான் செய்ய வேண்டிய வேலை என்ன? எழுந்து நிற்க வேண்டும். வாரை மாட்டி எடையைத் தோளில் பார்க்க வேண்டும். ஆம்பைத் திறந்துவிட்டு, அந்தத் தடித்த மேல் கம்பியை ஓங்கி அடித்து, அது உறுமுகிறதா வெறுமனே குழைகிறதா என்று கேட்க வேண்டும். ஏழு படி பொம்மைகளும் இரண்டு பட்டுப்புடவைகளும் பார்த்துக்கொண்டிருக்க, விளக்கு எரிகிற கூடத்தில், அதை எப்படிச் செய்வது? ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மடியில் பேஸை வைத்துக்கொண்டு, தூளிக் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் ஒரு மெதுவான வரியை வாசித்தேன். அந்தச் சின்ன ஆம்பில் கேட்க நன்றாகவே இருந்தது. மேல் கம்பியைத் தொட்டபோது ஜமக்காளம் லேசாக அதிர்ந்தது. மாமி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன கம்பீரம்!" என்றார் வீட்டம்மா. அடுத்த நிமிடம் தட்டோடு வந்துவிட்டார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு முழம் கதம்பம், பச்சை நிறத்தில் ஒரு ரவிக்கைத் துணி. "வச்சுப்பேளோ மாட்டேளோ தெரியல. குங்குமத்தப் பொட்டலமா மடிச்சிருக்கேன். ஆத்துல யாராவது கேட்டா குடுங்கோ."

வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். கை நிறையத் தாம்பூலம் வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? பேரம் பேசவும் வாய் வரவில்லை. கணவரைப் பார்த்தேன். ஐயா இரண்டாவது கிண்ணம் சுண்டலில் இருந்தார். "எடுத்துக்கறேங்க" என்று சொல்லிவிட்டேன். மீதி இரண்டாயிரத்தைக் கணவர் கைபேசியில் அனுப்பினார்.

படி இறங்கும்போது அவர் சிரிக்க ஆரம்பித்தார். "ரவிக்கத் துணி நல்லாதான் இருக்கு. கூட ஒரு கிட்டார் வேற குடுத்திருக்காங்க."

"நீங்க அந்தச் சுண்டல கொஞ்சம் மெதுவா சாப்பிட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்," என்றேன். ஸ்கூட்டரின் பின்னால் அதை முதுகில் மாட்டிக்கொண்டு, தலையில் கதம்பத்தோடு உட்கார்ந்து வந்தேன். சிக்னலில் ஆட்டோக்காரர் ஒருவர் எந்தக் கோயிலில் கச்சேரி என்று கேட்டார். அன்றைக்கு நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கியது. பட்டறையில் பெரிய ஆம்பில் மாட்டி, டிரம்மர் நான்கு எண்ணி, மூன்று பேரும் சேர்ந்து அடித்தபோது என் பேஸ் காணாமல் போய்விட்டது. சத்தம் இல்லை என்பதில்லை. தரை அதிர்ந்தது, தார்ப்பாய் நடுங்கியது, எங்கோ ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தது. ஆனால் எந்தச் சுரம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மேல் கம்பியை அடித்தால் பக்கத்துத் தெருவில் லாரி திரும்புவதுபோல் ஒரு உறுமல், அவ்வளவுதான். கீழ் சுரத்தைக் கூட்டுகிற, லோ என்கிற குமிழை இன்னும் ஏற்றினேன். லாரி இன்னும் பெரிதானது.

கிட்டார்காரன் கையைக் காட்டி நிறுத்தினான். அவன் முகத்தில் இரக்கம் தெரிந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"அக்கா, பேஸ் பாக்க சூப்பரா இருக்கு. ஆனா ரெகார்டிங்குக்கு வேணாம். நான் ப்ரோக்ராம் பண்ணிடறேன். ஷோ வந்தா நீங்க வாசிங்க."

"அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம் குடு," என்றேன்.

அவன் டிரம்மரைப் பார்த்தான். டிரம்மர் பேசாத மனிதர். குச்சியால் தொடையைச் சொறிந்துகொண்டே, "குடேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் அவர்மேல் எனக்குப் பிரியம் உண்டு.

அந்த வாரம் என்னோடு குடும்பம் நடத்தியதற்கு என் கணவருக்குத்தான் தாம்பூலம் கொடுக்க வேண்டும். கண்ணில் பட்டவரை எல்லாம் கடித்தேன். மல்லேஸ்வரத்து அம்மாளின் அன்பைத் திட்டினேன். அப்படித் திட்டியதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கலாமா என்றால், தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்தாகிவிட்டது, எந்த முகத்தோடு போவது? விற்றுவிடலாம் என்று விளம்பரம் எழுத உட்கார்ந்தேன். 'மேல் கம்பி தெளிவில்லை' என்று உண்மையை எழுதினேன். எழுதினால் யார் வாங்குவார்கள்? அழித்தேன்.

வாத்தியக் கடையில் ஒருவரிடம் காட்டியபோது அவர் மேல் கம்பியை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்துவிட்டு, இது மெல்லிசு ரகம் மேடம், உங்கள் சுதிக்கு இதைவிடத் தடித்தது போட்டால்தான் விறைப்பாக நிற்கும் என்றார். போட்டுக்கொண்டேன். கழுத்தையும் கொஞ்சம் சரிசெய்து கொடுத்தார். வீட்டில் வாசித்தால் அற்புதமாக இருந்தது. வீட்டில் அது எப்போதும் அற்புதமாகத்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கணவர் கைத்துண்டோடு வந்து நின்றார்.

"இங்க ஒவ்வொரு சுரமும் தனியா கேக்குதே. அங்க ஏன் கேக்க மாட்டேங்குது?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் அங்க கேக்கலன்னு? நீங்கதான் உள்ளயே வந்ததில்லையே."

பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். ஆனால் அது அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து, பாடகர் குழுவின் வெள்ளைச் சட்டையோடு அப்படியே பட்டறைக்குள் வந்துவிட்டார். காதில் பஞ்சு. டிரம்மர் அவசரமாக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கிரீஸ் படாமல் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் முன்னால்தானா என்னை வெளியே அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் பாட்டை வாசித்தோம். புதுக் கம்பி கொஞ்சம் உதவியது. லாரி வேனாகியிருந்தது. கிட்டார்காரன் என் பக்கம் பார்க்காமல் தண்ணீர் குடித்தான். அவன் மனசுக்குள் முடிவெடுத்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

கணவர் எழுந்து வந்து ஆம்பின் முன்னால் குனிந்தார். பஞ்சை எடுத்தார். "இதுல எது எது என்ன?" என்றார்.

எனக்கு எரிச்சல். "இது லோ, இது மிட், இது ஹை. எதுக்கு?"

"லோ ஏன் முழுசா ஏத்தி வெச்சிருக்க?"

"வீட்ல அப்படித்தான் வெப்பேன். கீழ் சுரம் கேக்க வேணாமா?"

"வீட்ல கீழ இருக்கற ஓனருக்குப் பயந்து சத்தத்தக் கொறச்சு வாசிக்கிற. அதுக்கு லோ ஏத்தினாதான் ஒனக்குக் கேக்கும். இங்க அப்படியா?" அவர் கொஞ்சம் தயங்கினார். மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். "கொயர்ல புதுசா வர்றவங்க எல்லாம் இதே தப்புதான் பண்ணுவாங்க. கீழ் சுரம் வந்ததும் தொண்டய அகலமாத் தொறந்து நெஞ்சுல வெச்சுப் பாடுவாங்க. அவங்களுக்குத்தான் பெருசா கேக்கும். முன் பெஞ்சுல இருக்கறவங்களுக்கு வெறும் காத்துதான். நாங்க என்ன பண்ணுவோம்னா, சத்தத்தக் கொண்டாந்து பல்லுகிட்ட வெப்போம். தனியாக் கேட்டா நல்லாருக்காது. ஆனா நாப்பது பேர் பாடும்போது ஒவ்வொரு சொல்லும் கேக்கும்."

இருபது வருடமாகத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதர். அவர் குரல் எனக்கு ஒவ்வொரு வாரமும் கேட்கும். எப்படிக் கேட்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

லோவைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். மிட்டை ஏற்றினேன். விரலை விட்டுவிட்டு, கம்பியை அடிக்கிற சின்ன பிளாஸ்டிக் பிக்கை எடுத்து, கம்பி முடிகிற பாலத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். அங்கேதான் கம்பிக்குப் பல் இருக்கிறது. தனியாக அடித்தபோது சத்தம் கரகரவென்று அசிங்கமாக இருந்தது. கிட்டார்காரன் முகத்தைச் சுளித்தான். "அசிங்கமாத்தான் இருக்கும்," என்றார் கணவர், அவனைத் தேற்றுவதுபோல்.

டிரம்மர் நான்கு எண்ணினார்.

எனக்குக் கேட்டது. அதை வேறு எப்படிச் சொல்வது? அந்த இரும்பு அறைக்குள், அத்தனை இரைச்சலுக்கு நடுவில், என் சத்தம் எனக்கே கேட்டது. ஒவ்வொரு சுரமும் விளிம்போடு, டிரம்மரின் காலுக்கு அடியிலிருந்து, கிட்டாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது. பாட்டின் நடுவில் நான் செய்த ஒரு தவறுகூடத் தெளிவாகக் கேட்டது. டிரம்மர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. கைகள் இரண்டும் வேலையில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் வலி தாங்குகிறவர்போல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கட்டைவிரல் தொடையில் தாளம் போட்டது. இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது சில சமயம் எனக்கே மறந்துபோகிறது, அன்று மறக்கவில்லை.

மூன்றாவது பாட்டின் பாதியில் கிட்டார்காரன் மறுபடியும் கையைக் காட்டி நிறுத்தினான்.

"ஆய்த்து, முடிவாயிடுச்சு," என்றான், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "ரெகார்டிங்குக்கு இதே பேஸ், இதே செட்டிங். கம்ப்யூட்டர் எல்லாம் வேணாம். ஆனா இப்ப கொஞ்சம் சவுண்டக் கொறைங்கக்கா. என் கிட்டாரே எனக்குக் கேக்கல."

"மாட்டேன்," என்றேன்.